பித்தப்பைக்குப் பின்னால் இருந்த பியானோ

பெடல் என்று நாங்கள் கூப்பிடுகிறவளின் வலது கையில் பென்சில் இருந்தது. இடது கை பியானோவின் ஒரு கட்டைமேல் நின்றது. தரையில் கிடந்த மிதியை அவள் கால்விரலால் அழுத்தினால் டேப் முன்னால் ஓடும், குதிகாலால் அழுத்தினால் பின்னால் போகும். காதில் செருகியிருந்த குழாய்க்குள் துளி நேரம் இசை ஓடி நின்றது. பின்னால் போனாள், மறுபடி கேட்டாள், கட்டையை அழுத்தினாள், தலையை ஆட்டினாள். பக்கத்துக் கட்டையை அழுத்திப் பார்த்தாள். அதன் பிறகு தாளில் என்றோ எழுதியிருந்த ஒரு புள்ளியை ரப்பரால் தேய்த்து அழித்து, துகளை ஊதிவிட்டு, அரைச்சுரம் மேலே வேறொரு புள்ளி வைத்தாள்.

அந்தப் புள்ளியை அவள் அழித்திருக்கக் கூடாது. அது அன்றைக்கு அவளுக்கும் தெரியாது, அதே அறையில் துணி மடித்துக்கொண்டிருந்த எனக்கும் தெரியாது.

அவள் என் தம்பியின் மனைவி. தம்பி சாலை விபத்தில் போன பிறகு நாங்கள் இருவரும் ஒரே வீட்டில் இருந்தோம். வேலையும் ஒரே ஆஸ்பத்திரியில்தான். நான் வார்டில் நோயாளிகளைப் பராமரித்தேன். அவள் கீழ்த்தளத்தில், கோப்பு அறைக்குப் பின்னால் இருந்த ஜன்னல் இல்லாத அறையில் தட்டச்சு செய்தாள். டாக்டர்கள் அறுவைச் சிகிச்சை முடிந்ததும் என்ன செய்தோம் என்பதைச் சின்ன இயந்திரத்தில் பேசி வைப்பார்கள். அந்த டேப்பைக் காலால் ஓட்டியும் நிறுத்தியும் கேட்டுக் கையால் அடித்து முடிப்பது அவள் வேலை. வேலை முடிந்த பிறகும் கால் நிற்காது. கேன்டீனில் சாப்பிடும்போதும் மேசைக்கடியில் தரையை மிதித்துக்கொண்டிருப்பாள். "பெடலு, சாப்பாடு எங்கயும் ஓடிடாது, மெதுவா மிதி" என்று யாரோ சொல்ல, பெயர் ஒட்டிக்கொண்டது. பிறகு வந்த டாக்டர்களுக்கு அவளுடைய சொந்தப் பெயரே தெரியாது.

இசை அவளுக்கு வந்த வழியும் அந்த இயந்திரம்தான். ஒரு சர்ஜன் கைக்குக் கிடைத்த டேப்பில் எல்லாம் பேசுகிறவர். ஒரு நாள் பித்தப்பை அறுவைச் சிகிச்சையை ஏதோ பாட்டு கேசட்டின்மேலேயே பேசிவிட்டார். "தையல் பிரிக்க அடுத்த வாரம் வரவும்" என்று அவர் முடித்ததும் ஒரு சொடக்குச் சத்தம். அதை அடுத்து, பாதியிலிருந்து, ஒரு பியானோ. பக்கத்தில் பெரிய தந்தி வாத்தியமும் டிரம்மும். ஆரம்பம் பித்தப்பைக்கடியில் அழிந்து போயிருந்தது. இவள் கழற்றி வைக்க வேண்டிய டேப்பைக் குதிகாலால் பின்னுக்குத் தள்ளித் திரும்பக் கேட்டிருக்கிறாள். டாக்டர் முணுமுணுத்த வார்த்தையைப் பிடிக்கிற பழக்கம். இவர் இங்கே என்ன சொன்னார்?

சர்ஜனிடம் போய் யார் வாசித்தது என்று கேட்டாள்.

"அதுவா? யாரோ குடுத்த கேசட்டும்மா. ஜாஸ்னு சொன்னாங்க. எனக்குக் கேட்டதும் தூக்கம் வந்துடுச்சு. நீயே வச்சுக்க."

வைத்துக்கொண்டாள். வாசித்தவர் யாரென்று கடைசிவரை அவளுக்குத் தெரியவில்லை. வீட்டில் அதற்குப் பெயர் "பித்தப்பை".

இந்த ஜாஸ்காரர்கள் தாளைப் பார்த்து வாசிப்பதில்லையாம். பாட்டின் எலும்புக்கூட்டை மட்டும் வைத்துக்கொண்டு, அந்த நேரத்தில் தோன்றுவதை வாசிப்பார்களாம். கற்றுக்கொள்ள நினைக்கிறவர்கள் பெரிய வாசிப்பாளர்களின் பதிவுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டு, ஒவ்வொரு சுரமாகத் தாளில் இறக்கி, அதையே வாசித்துப் பழகி, இவர் இந்த இடத்தில் ஏன் இப்படித் திரும்பினார் என்று யோசிப்பார்களாம். எல்லாம் அவள் சொல்லித் தெரிந்துகொண்டது. பிரேதப் பரிசோதனை மாதிரி இருக்கிறதே என்றேன்.

"இல்ல அண்ணி. உயிரோட இருக்கறவரோட நாடியப் பிடிச்சுப் பாக்கற மாதிரி."

சும்மா சொல்லிக்கொண்டு திரியவில்லை. பள்ளி இசை ஆசிரியை ஒருத்தியிடம் போய் ஐந்து கோட்டில் புள்ளி வைத்துச் சுரம் எழுதப் படித்தாள். நடனப்பள்ளி ஒன்று மூடியபோது அங்கிருந்த பியானோவைத் தூக்கி வந்தாள். அது வாசலில் நுழையாமல் கதவைக் கழற்ற வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் புது இயந்திரங்கள் வந்தபோது பழையதை மிதியோடு கேட்டு வாங்கிக்கொண்டாள். அதில் வேகத்தைக் குறைக்க ஒரு திருகு உண்டு. சரியாகப் பாதி வேகத்துக்குத் திருகினால் சுரம் ஒரு ஸ்தாயி கீழே இறங்கும். அப்போது பாய்ந்து ஓடுகிற விரல்கள் கிழவி நடக்கிற மாதிரி நடக்கும், ஒவ்வொன்றாகப் பிடிக்கலாம். பித்தப்பையில் ஆரம்பித்து, கடைகளில் பதிவுகள் தேடி, ஆண்டுக்கணக்கில் எழுதினாள். பியானோவின்மேல் தாள்கள் தலையணை உயரத்துக்கு அடுக்கியிருந்தன. வேலைக்குப் போய் வந்து, எனக்குச் சமையலில் உதவிவிட்டு, முகம் கழுவிக்கொண்டு உட்கார்ந்தால் அவ்வளவுதான். தம்பி போன துக்கத்தை அவள் அழுது நான் பார்த்ததில்லை. மிதித்துத் தீர்த்தாள் என்று நினைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் மூன்று பேர் வாசித்தார்கள். கடைக்காரர் பெரிய தந்தி வாத்தியம். முடிதிருத்துகிற ஒருவர் டிரம். இவள் பியானோ. நானும் சில நாள் போய்க் கண்ணாடிப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். இவள் எழுதி வைத்ததை எழுதியபடி, ஒரு சுரம் பிசகாமல் வாசிப்பாள். அதில்தான் முடிதிருத்துகிறவருக்குக் குறை.

"பெடலம்மா, அவர் பேசினத எல்லாம் அச்சு அசலா அடிச்சுக் குடுத்துட்டீங்க. நீங்க எப்ப வாயத் திறப்பீங்க?"

"நான் டைப்பிஸ்ட். டாக்டர் சொல்லாத வார்த்தைய நான் சேத்தா நோயாளி செத்துப் போவான்."

"இங்க நோயாளியே கிடையாதும்மா."

"நீங்க தட்டறதக் கேட்டா அப்படித் தெரியலியே."

கண்ணாடிக்கடைக்காரர் சிரித்துவிட்டு, "அவங்கள விடுப்பா. பாதிப் பேருக்குக் காதே கிடையாது. இவங்களுக்கு இருக்கு" என்பார். அது உண்மை. அவள் காது அப்படி. அதுவும் ஒரே காது. இடது காதில் சின்ன வயதில் சீழ் வைத்து, செவிப்பறையில் ஓட்டை. அதில் பாதிதான் கேட்கும். வேலைக்கும் பாட்டுக்கும் குழாயை எப்போதும் வலது காதில்தான் செருகுவாள்.

அந்த வலது காதில்தான் வந்தது.

முதலில் ஆபீசில் தெரிந்தது. "இப்ப வர்ற டாக்டருங்க எல்லாம் வாய்க்குள்ளயே பேசறாங்க அண்ணி, பல் விளக்காதவங்க மாதிரி" என்று குறைபட்டுக்கொண்டாள். அடித்த தாள்கள் திருத்தத்துக்குத் திரும்பி வர ஆரம்பித்தன. அவளுக்கு அது புதிது. அடுத்து வீட்டில், டேப்பும் பியானோவும் ஒத்துப்போகவில்லை. நடுவிலிருந்து மேலே போகிற சுரங்களெல்லாம் டேப்பில் கொஞ்சம் ஏறிக் கேட்டன. பியானோ இறங்கிவிட்டது என்று சுருதி சேர்க்கிறவரை வரவழைத்தாள். அவர் வந்து, முன்பலகையைக் கழற்றி, சுருதி பார்க்கிற இரும்புக் கவையைத் தட்டித் தட்டிப் பார்த்தார்.

"அம்மா, போன தடவ நான் வச்ச எடத்துலயே நிக்குது."

"மேல் பக்கம் எல்லாம் இறங்கியிருக்கு. நல்லாக் கேளுங்க."

"நல்லாத்தான் கேக்கறேன். எனக்கு வேற பொழப்பு என்ன, இதக் கேக்கறதுதான்."

அவர் கோபித்துக்கொண்டு போனார். அவள் விடவில்லை. திருகைப் பார்த்தாள், இயந்திரத்தின் ரப்பர் வாரை மாற்றினாள். ஒன்றும் மாறவில்லை. பியானோ சரி, இயந்திரம் சரி என்றால் மிச்சம் இருப்பது ஒன்றுதான் என்று முடிவு கட்டினாள். தாள் தப்பு. தட்டச்சு அறையில் அவள் கற்றது அது. டேப் தப்பாகாது, அடித்தவள்தான் தப்பாக அடித்திருப்பாள். ஆரம்பத்தில் கற்றுக்குட்டியாக இருந்தபோது எழுதியவை, அரைகுறைக் காதோடு எழுதியிருக்கிறேன், இப்போதுதான் எனக்குச் சரியாகக் கேட்கிறது என்று என்னிடமே சொன்னாள். சந்தோஷமாகச் சொன்னாள்.

அப்படித்தான் திருத்த உட்கார்ந்தாள். ஒரு மழைக்காலம் முழுக்கத் திருத்தினாள். அடுக்கின் அடியிலிருந்து ஒவ்வொரு தாளாக எடுத்து, டேப்பை ஓட்டி, பழைய புள்ளியை அழித்து, புதுப் புள்ளி வைத்து, அதையே வாசித்துப் பழகினாள். பழைய புள்ளியின் தடம்கூடத் தெரியக் கூடாது என்று நல்ல ரப்பராக வாங்கி அழுத்தித் தேய்த்தாள். பியானோவின் கீழே நான் பெருக்கி அள்ளியதெல்லாம் ரப்பர் தூள்.

எனக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. முன்பெல்லாம் கையில் வேலை இருந்தாலும் நின்று கேட்கத் தோன்றும். இப்போது பல் கூசியது. ஜாஸ் என்றால் அப்படித்தான் இருக்குமோ என்னவோ என்று இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை திருத்திய பித்தப்பையைக் கொண்டுபோய் வாசித்தாள். கொஞ்சத்திலேயே கண்ணாடிக்கடைக்காரர் கையை எடுத்துவிட்டார். முடிதிருத்துகிறவர் குச்சியை மடியில் வைத்தார்.

"என்னம்மா, இடது கை இங்க இருக்கு, வலது கை வேற ஊருக்குப் போயிடுச்சா?"

"இதுதான் சரி. இத்தன வருஷம் வாசிச்சது தப்பு."

"நான் பதினஞ்சு வருஷமா உங்க பித்தப்பையக் கேட்டு வயித்து வலியோட இருக்கேன். எனக்குத் தெரியாதா? அது இது இல்ல."

"உங்களுக்குத் தாளம் தெரியும். சுரம் தெரியாது."

கண்ணாடிக்கடைக்காரர் மெதுவாக, "எனக்குத் தெரியும்மா. என் சுரத்தோட மோதுது" என்றார்.

அவள் தாள்களை எடுத்துக்கொண்டு எழுந்தாள். எழும்போது ஒரு பக்கமாகச் சாய்ந்து கண்ணாடிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டாள். வழியெல்லாம் என் கையைப் பிடித்து நடந்தாள். அவள் அப்படி நடக்கிறவள் இல்லை. வலது பக்கம் நான் பேசினால் திரும்பவில்லை. வார்டில் எத்தனையோ பேர் ஒரு பக்கம் சாய்ந்து நடந்து பார்த்திருக்கிறேன். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றவிடவில்லை.

"உக்காரு. டேப்பப் போடு. குழாய அந்தக் காதுல செருகு."

"அதுல பாதிதான் கேக்கும் அண்ணி."

"பாதி கேட்டாப் போதும். சத்தத்தக் கூட்டி வையி."

இடது காதில் செருகி மிதித்தாள். கேட்டாள். ஒரு கட்டையை அழுத்தினாள். மறுபடி கேட்டு, அதே கட்டையை அழுத்தினாள். குழாயைப் பிடுங்கி வலது காதில் செருகிக் கேட்டாள். பிறகு பியானோவின்மேல் இருந்த அடுக்கை அண்ணாந்து பார்த்தாள். அவள் முகத்தில் நிறம் போனதை அப்போதுதான் முதலில் பார்த்தேன்.

டேப்பை ஒரு காதில் கேட்டு, பியானோவை மறு காதில் கேட்டிருக்கிறாள். எப்போதும் அப்படித்தான். இரண்டு காதும் ஒன்றையே சொன்ன காலத்தில் அதனால் ஒன்றும் கெடவில்லை. வலது காது மெல்ல மெல்லப் பொய் சொல்ல ஆரம்பித்ததும், அந்தப் பொய்யைக் கொண்டே எல்லாத் தாளையும் திருத்திவிட்டாள்.

"எல்லாத்தையும் அழிச்சுட்டேன் அண்ணி."

"அத அப்புறம் பாக்கலாம். நாளைக்கு லீவு போடு."

ஸ்கேனில் தெரிந்தது. வலது காது நரம்பில் கட்டி. புற்று இல்லை என்றார் சர்ஜன், ஆனால் மூளைத்தண்டை இடித்துக்கொண்டு நிற்கிறது. எடுத்தாக வேண்டும். எடுத்தால் அந்தக் காது போகும். முக நரம்பு பக்கத்திலேயே ஓடுவதால் வாய் கோணலாம், கண் மூடாமல் போகலாம். எடுக்காவிட்டால் நடை போகும், அப்புறம் விழுங்குவது, கடைசியில் மூச்சு. சுற்றி வளைக்காமல் சொன்னார். எனக்கு அவரைப் பிடித்தது.

"எவ்வளவு சீக்கிரம்?" என்று நான் கேட்டேன்.

"எவ்வளவு தள்ளிப்போடலாம்?" என்று அவள் கேட்டாள்.

சர்ஜன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "தள்ளிப்போட்டா முகம் தப்பறது கஷ்டம். இன்னொண்ணு. இனிமே உங்களுக்கு இடது காதுதான். அதப் பத்திரமாப் பாத்துக்கணும். தண்ணி போகக் கூடாது, எதையும் போட்டு அடைக்கக் கூடாது."

தேதி வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தாள். வீட்டில் சண்டை போட்டேன்.

"உசுருக்கு மேல உனக்கு அந்தக் காகிதமா?"

"என் கையால கெடுத்தது அண்ணி. ஆபரேஷனுக்கு அப்புறம் என்ன கேக்கும்னு யாருக்குத் தெரியும்? இந்தக் காது இருக்கறப்பவே சரி பண்ணிடறேன். முடிஞ்சதும் நானே போய்ப் படுத்துக்கறேன்."

"அந்தக் கண்ணாடிக்கடைக்காரர்கிட்டக் குடு. எழுதித் தரட்டும்."

"அவர் எழுதினா அது அவரோட காது."

வேலையை விட்டாள். ஆபீசில் இனி அவளால் ஆகாது, அவர்களும் தடுக்கவில்லை. காலையில் உட்கார்ந்தால் விளக்கு வைக்கும் வரை. குழாயை இடது காதில் இறுக்கிச் செருகி, சத்தத்தை முழுக்கக் கூட்டி, கெடுத்ததை ஒவ்வொன்றாகத் திருப்பி எழுதினாள். நாலு சுரம் எழுத முன்பு ஆன நேரத்தில் இப்போது ஒன்றுதான் வந்தது. நடக்கச் சுவர் தேவைப்பட்டது. குளியலறையில் பிடிக்க ஒரு கம்பி அடித்து வைத்தேன். தண்ணீர் குடிக்கும்போது புரையேற ஆரம்பித்தது. ஆகாரத்தைக் குழைத்துக் கொடுத்தேன், தாடையை மார்பில் ஒட்டி விழுங்கச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் உடன்பட்டாள், தேதி குறிப்பதற்கு மட்டும் இல்லை. அடுக்கில் பெரும்பங்கு சரியாகிவிட்டது. பித்தப்பையைக் கடைசிக்கு வைத்திருந்தாள். அது நீளம், அதோடு அவளுக்கு முதலாவது.

ஒரு நாள் தலையணை உறை மாற்றும்போது நாற்றம் அடித்தது. சீழ் நாற்றத்தை நான் தூக்கத்திலும் கண்டுபிடிப்பேன். இடது காதில் பஞ்சு வைத்திருந்தாள். எடுத்துப் பார்த்தேன், மஞ்சளும் ரத்தமும்.

"எவ்வளவு நாளா?"

"கொஞ்ச நாளா."

"அடைக்கக் கூடாதுன்னு அவர் சொன்னப்ப நீயும்தான அங்க இருந்த?"

"குழாய் போடாம எப்படி அண்ணி கேக்கறது?"

அன்றைக்கு அவளைத் திட்டின மாதிரி நான் யாரையும் திட்டியதில்லை. இயந்திரத்தின் கம்பியைப் பிடுங்கிப் பையில் போட்டு, ஆட்டோ பிடித்து, அவளையும் ஏற்றினேன். ஆஸ்பத்திரிப் படியில் கால் மடங்கி விழுந்தாள். அதன் பிறகு தேதி குறிக்க யாரும் யாரையும் கேட்கவில்லை.

கட்டியை எடுத்தார்கள், உயிர் தப்பியது. வலது முகம் தொங்கிவிட்டது, அந்தக் கண் மூடுவதில்லை. வலது காதுக்குள் இரவும் பகலும் மாவு மில் ஓடுகிறதாகச் சொன்னாள். இடது காதில் சீழ் உள்ளே இறங்கி, கேட்டுக்கொண்டிருந்த பாதியிலும் பெரும்பகுதியைத் தின்றுவிட்டது. சீழ் வருகிற காதில் கேட்கும் கருவி பொருத்த முடியாது என்றார்கள். வாயை அந்தக் காதோரம் வைத்துக் கத்தினால் ஏதோ கேட்கும். மற்றதெல்லாம் நான் ஒரு பலகையில் எழுதிக் காட்டுவேன்.

வீட்டுக்கு வந்து கொஞ்சம் தேறியதும் பியானோ முன்னால் உட்கார வைக்கச் சொன்னாள். வைத்தேன். ஒரு கட்டையை அழுத்தினாள். பலமாக அழுத்தினாள். "மரத்தத் தட்டற மாதிரி இருக்கு" என்றாள். வாய் கோணியிருந்ததால் வார்த்தை ஒழுகியது. பித்தப்பைத் தாளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அடுக்கிலேயே திருப்பிச் சரிசெய்யாமல் நின்றது அது ஒன்றுதான்.

முடிதிருத்துகிறவரும் கண்ணாடிக்கடைக்காரரும் ஒரு மாலை பழங்களோடு வந்தார்கள். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு இரண்டு பேரும் சுவரைப் பார்த்தார்கள். முடிதிருத்துகிறவர்தான் சுதாரித்தார். பலகையை வாங்கி, "இப்ப நான் தப்பாத் தட்டினாலும் உங்களால திட்ட முடியாது" என்று எழுதிக் காட்டினார்.

அவள் படித்தாள். "கண்ணு தெரியுதுல்ல. கை போற போக்கப் பாத்தே திட்டுவேன்."

அப்புறம் தாளைக் காட்டினாள். தப்பு எங்கெங்கே என்று தெரியும், சரி எது என்று தெரியவில்லை என்றாள். எல்லாப் புள்ளியையும் அரைச்சுரம் இறக்கினால் சரியாகிவிடும் என்றும் இல்லை. சில இடத்தில் காது ஏற்றியது, சில இடத்தில் ஏற்றவில்லை. விரலுக்கு ஞாபகம் இருக்குமே என்று நான் எழுதினேன். வாசித்துக் காட்டினாள். விரல் இரண்டையும் படித்திருந்தது. பழைய வழியில் ஆரம்பித்து, புது வழியில் திரும்பி, நடுவில் நின்றது.

"எனக்கு ஞாபகம் இருக்கு" என்று முடிதிருத்துகிறவர் முணுமுணுத்துப் பாடினார். "இப்படிப் போயி, இங்க ஏறும்."

"எங்கய்யா ஏறும்? அங்க இறங்கும். நான் கீழ இருந்து மேல போறப்ப அவங்க மேல இருந்து வருவாங்க."

"நீ எப்பப்பா நேரா போன? ஏறும்னா ஏறும்."

"நீ தாளம் போடறவன், உனக்கெதுக்கு ஏத்தம் இறக்கம்?"

இரண்டு பேரும் கையால் காற்றில் ஏற்றியும் இறக்கியும் காட்டிக்கொண்டார்கள். அவள் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"என்ன சொல்றாங்க?"

எழுதினேன். ஒருத்தர் ஏறும் என்கிறார், ஒருத்தர் இறங்கும் என்கிறார்.

"போதும். ரெண்டு பேரும் பழம் சாப்பிடச் சொல்லுங்க."

கண்ணாடிக்கடைக்காரர் கிளம்பும்போது பலகையில் எழுதினார். 'டேப்பைக் குடுங்க. நான் கேட்டு எழுதித் தர்றேன்.' அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அவர் வற்புறுத்தவில்லை. வாசலில் செருப்பு போடும்போது முடிதிருத்துகிறவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அழற வேலையெல்லாம் தெருவுல வச்சுக்கங்க, ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம வந்து நில்லுங்க" என்றேன்.

அவர்கள் போன பிறகு கண்ணுக்குக் களிம்பு போட உட்கார்ந்தேன். மூடாத கண்ணை விரலால் மூடி ஒட்டுப்பட்டை போட வேண்டும். அவள் கையால் தடுத்தாள்.

"அண்ணி, ஆபீஸ்ல தப்பா அடிச்ச தாள வச்சிருக்க மாட்டோம். என் கண்ணு முன்னாலயே கிழிப்பாங்க. வச்சிருந்தா யாராவது அத எடுத்துப் பாத்து மருந்து குடுத்துடுவாங்கன்னு."

பலகையில் எழுதினேன். 'நீ லீவு போட்ட அன்னைக்கு யார் அடிச்சாங்க?'

"வேற ஆளு."

'அந்த நோயாளி எல்லாம் செத்துட்டாங்களா?'

அவள் நல்ல பாதி வாயால் சிரித்தாள். இல்லை, சிரிக்கப் பார்த்தாள். பிறகு அழுதாள். தம்பி போனபோது அழாதவள். ஒரு கண்ணில் மட்டும் ஒழுங்காக வந்தது. மற்றதில் நான் போட்ட களிம்பையும் கரைத்துக்கொண்டு வழிந்தது. துடைத்துவிட்டு மறுபடி போட்டு, ஒட்டி, படுக்க வைத்தேன். தாள்களைத் தலைமாட்டில் வைக்கச் சொன்னாள். வைத்தேன்.

மறுநாள் காலை ஒட்டுப்பட்டையை எடுத்து, வெந்நீரில் கண்ணைக் கழுவினேன். கண்ணாடி முன்னால் உட்கார வைத்து முகப் பயிற்சி செய்தோம். கன்னத்தை உப்பச் செய்து, உதட்டைக் குவித்து, புருவத்தைத் தூக்கி. புருவம் எழவில்லை. கஞ்சியை முழுக்கக் குடித்தாள், புரையேறவில்லை. குடித்து முடித்ததும் பித்தப்பைத் தாள்களை மடியில் வைத்து, ஒவ்வொன்றாக நீளவாக்கில் கிழித்து, குறுக்கே கிழித்து, என் கையில் கொடுத்தாள். குப்பையில் போட்டேன். அதன் பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு இயந்திரம்வரை தானே நடந்து போய், டேப்பை எடுத்து, தொங்கிக்கொண்டிருந்த நாடாவைப் பென்சிலால் சுற்றி இறுக்கி, என் பையில் போட்டாள்.

"கண்ணாடிக்கடைக்காரர்கிட்டக் குடுங்க. அவர் அவசரக்காரர். பாதி வேகத்துல வச்சுக் கேக்கச் சொல்லுங்க. டாக்டர் பித்தப்பையப் பேசி முடிக்கற வரைக்கும் பொறுமையா இருக்கணும், ஓட்டிவிடக் கூடாது. நாடா மெலிஞ்சு போச்சு."

நான் திரும்பி வரும்வரை எழுந்து நடக்கக் கூடாது என்று எழுதிக் காட்டினேன். சரி என்றாள். பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு கண்ணாடிக் கடைக்கு நடந்தேன். கடை திறக்கவில்லை. பக்கத்துக் கடைப் படியில் உட்கார்ந்து காத்திருந்தேன்.